உடைந்த பக்கக் கண்ணாடிக்கு எந்தக் கண்ணாடி?

அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய புரோட்டோன் வீரா, பெரோடுவா கஞ்சில், கெலிசா போன்ற கார்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டிலாவது பக்கக் கண்ணாடி சரியாக இருக்காது. ஒன்றில் கூடு விரிந்துபோய்க் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். இன்னொன்றில் கண்ணாடி விழுந்து வெறும் கூடு மட்டும் வாயைத் திறந்துகொண்டிருக்கும். மூன்றாவதில் கண்ணாடி பளபளவென்று இருக்கும். ஆனால், அது காருக்கென்று செய்த கண்ணாடியாக இருக்காது. முகம் பார்க்கும் கண்ணாடியை அளவுக்கு வெட்டி ஒட்டியிருப்பார்கள்.

முதல் இரண்டும் பார்த்தவுடன் குறை தெரிபவை. ஓட்டுபவரும் எச்சரிக்கையாக இருப்பார். இந்த மூன்றில் ஆபத்து அதிகம் மூன்றாவதில்தான். ஏனென்றால், அது சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. சொல்லப்போனால், அசல் கண்ணாடியைவிடத் தெளிவாகவும் பெரிதாகவும் உருவத்தைக் காட்டுகிறது. அந்தத் தெளிவுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிட்டு, பிறகு கண்ணாடியை எப்படி மாற்றுவது என்பதற்கு வருவோம்.

ஜன்னலுக்கு அருகில் நிற்கும் கண்

நம் நாட்டில் ஓடும் கார்களின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் குவி ஆடிகள். அதாவது, ஒரு பெரிய பந்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு சில்லை வெட்டி எடுத்ததுபோல வெளிப்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் பந்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதுதான் வளைவு ஆரம். கார்களின் முதன்மைப் பக்கக் கண்ணாடிக்கு இது 1,200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது ஐ.நா.வின் 46ஆம் எண் வாகன விதிமுறை. பந்து சிறிதானால் வளைவு கூடும். பந்து பெரிதாகிக்கொண்டே போனால் கண்ணாடி தட்டையாகிவிடும்.

வளைவினால் என்ன லாபம்? இதைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. தட்டை ஆடியாக இருந்தாலும் குவி ஆடியாக இருந்தாலும் அதற்குப் பின்னால் உங்கள் கண்ணின் பிம்பம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கண் நின்றுகொண்டு, ஆடியின் சட்டத்தை ஜன்னல் சட்டமாக வைத்து வெளியே பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் உங்களுக்கு ஆடியில் தெரிகிறது. வீட்டு ஜன்னலிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றால் எதிர்வீட்டுக் கதவு மட்டும் தெரியும். ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தால் தெருவே தெரியும். ஜன்னலின் அளவு மாறவில்லை. கண் நிற்கும் இடம்தான் மாறியது.

ஓட்டுநரின் கண்ணுக்கும் வலப்பக்கக் கண்ணாடிக்கும் இடையே 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தட்டைக் கண்ணாடியில் கண்ணின் பிம்பம் அதே 70 சென்டிமீட்டர் பின்னால் நிற்கும். வளைவு ஆரம் 1.2 மீட்டர் உள்ள குவி ஆடியில் அது வெறும் 32 சென்டிமீட்டர் பின்னால் நிற்கும். பள்ளியில் படித்த ஆடிச் சமன்பாட்டைப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்த எண் கிடைக்கும். கண் ஜன்னலை நெருங்கிவிட்டது. கண்ணாடியின் அகலம் 15 சென்டிமீட்டர் என்றால், 20 மீட்டர் பின்னால் சாலையின் எவ்வளவு அகலம் தெரியும்? தட்டையில் சுமார் 4.4 மீட்டர். குவியில் சுமார் 9.4 மீட்டர். ஒரு தடத்தின் அகலம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் என்றால், தட்டைக் கண்ணாடி ஒரு தடத்தைச் சற்றுத் தாண்டிக் காட்டுகிறது. குவி ஆடி இரண்டரைத் தடங்களைக் காட்டுகிறது. கண்ணாடி சற்றுச் சாய்ந்து நிற்பதால் உண்மையில் இரண்டு அளவும் கொஞ்சம் குறையும். ஆனால், ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு அப்படியே இருக்கும்.

இடப்பக்கக் கண்ணாடியில்தான் கதை மோசமாகிறது. அது ஓட்டுநரின் கண்ணிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே தட்டைக் கண்ணாடி ஒட்டினால் 20 மீட்டர் பின்னால் வெறும் இரண்டரை மீட்டர் அகலம்தான் தெரியும். ஒரு தடம்கூட முழுதாகத் தெரியாது. குவி ஆடியில் ஏழரை மீட்டர் தெரியும். இன்னும் அருகில் வந்து, ஐந்து மீட்டர் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். தட்டையில் 73 சென்டிமீட்டர். குவியில் இரண்டு மீட்டர்.

இந்த 73 சென்டிமீட்டர்தான் இந்தக் கட்டுரையின் மையம். நம் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் எங்கே ஓடுகின்றன? இடது ஓரத்தில். பெட்ரோல் நிலையத்துக்குள்ளோ தாமான் சந்திப்பிலோ நீங்கள் இடப்பக்கம் திரும்பும்போது, உங்கள் காரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஐந்து மீட்டர் பின்னால் ஒரு கப்சாய் மோட்டார் வந்துகொண்டிருந்தால் அந்தத் தட்டைக் கண்ணாடியில் அது இருக்கவே இருக்காது. கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன் என்று ஓட்டுநர் சொல்வார், பொய்யில்லை. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். அவை எல்லாவற்றுக்கும் கண்ணாடி காரணமல்ல. ஆனால், சில ரிங்கிட் மிச்சப்படுத்த வெட்டி ஒட்டிய ஒரு துண்டு, இரண்டு மீட்டர் காட்சியை 73 சென்டிமீட்டராகச் சுருக்கிவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டே செய்வது சரியல்ல.

சிறியதாகத் தெரிவது தூரமா?

குவி ஆடிக்கும் ஒரு விலை உண்டு. அகலமான காட்சியைச் சிறிய இடத்தில் அடைக்க வேண்டுமானால் உருவங்கள் சிறுத்துத்தான் ஆக வேண்டும். மேலே சொன்ன அதே ஆடியில், 10 மீட்டர் பின்னால் வரும் கார் வலப்பக்கம் ஏறக்குறைய பாதி அளவாகவும், இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அளவாகவும் தெரியும். நமது மூளைக்குக் காரின் உண்மையான அளவு தெரியும். ஆகவே, சிறியதாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. 10 மீட்டரில் இருப்பது இடப்பக்கக் கண்ணாடியில் 30 மீட்டருக்கு மேல் இருப்பதுபோல் தோன்றும்.

பின்னால் வருபவர் உங்களைவிட மணிக்கு 20 கிலோமீட்டர் வேகமாக வருகிறார் என்று கொள்வோம். 30 மீட்டர் என்றால் அவர் உங்களை எட்ட ஐந்து நொடிக்கு மேல் ஆகும். 10 மீட்டர் என்றால் இரண்டு நொடிகூட இல்லை. அமெரிக்கக் கார்களின் பயணியர் பக்கக் கண்ணாடியில், கண்ணாடியில் தெரியும் பொருள்கள் தோன்றுவதைவிட அருகில் உள்ளன என்ற எச்சரிக்கையைப் பொறித்திருப்பது இதனால்தான். அங்கே ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தட்டையாகவே இருக்க வேண்டும் என்பது விதி. பயணியர் பக்கம் குவி ஆடி பொருத்தினால் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். ஐரோப்பிய வழியைப் பின்பற்றும் நாடுகளில் இரண்டு பக்கமும் குவி ஆடிதான். இந்த வேறுபாட்டை இணையத்தில் கண்ணாடி வாங்குபவர்கள் மறக்கக்கூடாது. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த ஓட்டுநர் பக்கக் கண்ணாடி தட்டையாக இருக்கும். அதுவும் அங்கே ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வதால், அந்தத் தட்டைக் கண்ணாடி நம் காரில் மிக மோசமான இடத்துக்கு, அதாவது இடப்பக்கத்துக்கு வந்து சேரும்.

பல ஆண்டு ஒரே காரை ஓட்டியவர்களுக்குக் கண்ணாடியின் சிறுத்த உருவம் பழகிவிடும். கண்ணாடியில் கார் இந்த அளவு தெரிந்தால் தடம் மாறலாம் என்று அவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள். சிக்கல் எப்போது வருகிறது என்றால், ஒரு பக்கம் அசல் குவி ஆடியும் மறுபக்கம் தட்டைக் கண்ணாடியுமாக இருக்கும்போது. இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கணக்கு. அவசரத்தில் எந்தக் கணக்கு எந்தப் பக்கம் என்று யாரால் யோசிக்க முடியும்? தூரத்தில் ஐயம் வந்தால் காருக்குள் இருக்கும் நடுக்கண்ணாடியை ஒரு கணம் பாருங்கள். அது வழக்கமாகத் தட்டையானது; அளவைக் குறைத்துக் காட்டாது.

இங்கே கொஞ்சம் விலகிச் சென்று ஒரு செய்தி. ஜப்பானில் 1983ஆம் ஆண்டு வரை கார்களின் கண்ணாடி கதவில் இருக்கவில்லை. முன்சக்கரத்துக்கு மேலே, எஞ்சின் மூடியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில்தான் விதி தளர்ந்தது. பழைய ஜப்பானிய டாக்சிப் படங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். விந்தையாகத் தோன்றினாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. கண்ணை அசைத்தால் போதும். ஆனால், கண்ணாடி அவ்வளவு தூரம் போனால், மேலே பார்த்த ஜன்னல் கணக்குப்படி, காட்சி சுருங்கும். அந்தக் குறையை வளைவைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். அப்போது உருவம் இன்னும் சிறுக்கும். ஒன்றைக் கூட்டினால் ஒன்று குறையும் என்ற இந்த இழுபறியிலிருந்து ஆடி செய்வோர் யாரும் முழுதாகத் தப்பியதில்லை.

எதை வாங்குவது?

உடைந்தது கண்ணாடி மட்டுமா, கூடும் சேர்ந்தா என்பதைப் பாருங்கள். கூடு நன்றாக இருந்து, மடக்கும் இடம் உறுதியாக இருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். செலவு குறைவு. கூட்டில் விரிசல் இருந்தாலோ, காற்றில் தானாக மடிந்துகொண்டாலோ முழுத் தொகுதியையும் மாற்றுவதே நல்லது.

பழைய கார்களுக்குப் புதிய அசல் பாகம் எப்போதும் கிடைப்பதில்லை. மாற்றுத் தயாரிப்பும் பழைய பொருள் கடையும்தான் வழி. கடையில் கண்ணாடியைக் கையில் எடுத்தவுடன் அதன் ஓரத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். எஸ்ஆர் 1200, எஸ்ஆர் 1400 என்பதுபோல் ஓர் எழுத்தும் எண்ணும் இருந்தால் அது வளைவு ஆரம், மில்லிமீட்டரில். உங்கள் மறுபக்கக் கண்ணாடியில் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்க முயலுங்கள். வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது ஐ.நா. விதிமுறைப்படி சோதித்துத் தேறியதற்கான அடையாளம். எந்தக் குறியும் இல்லையென்றால் நேரான உலோக அளவுகோலை விளிம்பு பட வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் தொட்டு இரு முனையிலும் இடைவெளி தெரிந்தால் குவி ஆடி. முழுதும் தொட்டுக்கொண்டிருந்தால் தட்டை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த இடைவெளியை அளந்தால் வளைவு ஆரத்தையே கண்டுபிடித்துவிடலாம். 15 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடியில், ஆரம் 1.2 மீட்டர் என்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட 2.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். 1.4 மீட்டர் என்றால் 2 மில்லிமீட்டர். கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்த இரண்டு மில்லிமீட்டர்தான் மேலே சொன்ன அத்தனை வேறுபாட்டையும் உண்டாக்குகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. வீட்டில் பிள்ளைகளையும் செய்யச் சொல்லலாம். கண்ணாடியின் மேல் நகத்தின் நுனியை வையுங்கள். நகமும் அதன் பிம்பமும் நேராக முட்டிக்கொண்டால் பூச்சு கண்ணாடியின் முன்பக்கத்தில் இருக்கிறது. இடையில் சிறு இடைவெளி தெரிந்தால் பூச்சு பின்பக்கத்தில் இருக்கிறது. கார்க் கண்ணாடிகள் பலவற்றில் முன்பக்கம் குரோமியம் பூசியிருப்பார்கள். அது ஒளியில் பாதிக்குச் சற்று மேல்தான் திருப்பி அனுப்பும். வீட்டுக் கண்ணாடியின் பூச்சு ஏறக்குறைய 90 விழுக்காட்டைத் திருப்பும். கார்க் கண்ணாடி மங்கலாக இருப்பது குறையல்ல. இரவில் பின்னால் வரும் லோரியின் விளக்கு முழு வெளிச்சத்தோடு கண்ணில் அடிக்காமல் காப்பதே அந்த மங்கல்தான். 40 விழுக்காடு திருப்பினால் போதும் என்கிறது ஐ.நா. விதிமுறை. வீட்டுக் கண்ணாடியில் இன்னொரு தொல்லை, இரட்டை உருவம். பின்பூச்சில் பட்டுத் திரும்பும் ஒளியோடு முன்பரப்பில் பட்டுத் திரும்பும் சுமார் நான்கு விழுக்காடு ஒளியும் சேர்ந்து, தடித்த கண்ணாடியில் ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் ஒரு மங்கலான நிழல் விளக்கைக் காட்டும். மழை இரவில் இது எரிச்சலூட்டும்.

குரோமியம் முன்பக்கத்தில் இருப்பதால் சட்டி தேய்க்கும் நாரைக் கொண்டு தேய்க்காதீர்கள். தேய்ப்பது கண்ணாடியை அல்ல, பூச்சை.

கழற்றும் வேலை

1990களிலும் 2000களிலும் வந்த பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடி, முன்கதவு ஜன்னலின் முன்மூலையில் உள்ள முக்கோணப் பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும். காருக்குள் அமர்ந்து பார்த்தால் அங்கே ஒரு பிளாஸ்டிக் முக்கோண மூடி தெரியும். அதற்குப் பின்னால்தான் ஸ்குரூக்கள் இருக்கின்றன, பொதுவாக மூன்று. மூன்று புள்ளிகள் இருந்தால் தளம் ஆடாது என்பதால்தான் முக்காலி எந்தத் தரையிலும் உறுதியாக நிற்கிறது. இங்கேயும் அதே தத்துவம்தான்.

மூடியைப் பிடுங்குவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நம் வெயிலில் இருபது ஆண்டு நின்ற பிளாஸ்டிக், புற ஊதாக் கதிர்களால் உள்ளுக்குள் உடைந்து மொறுமொறுப்பாகியிருக்கும். காரை அரை மணி நேரம் வெயிலில் விட்டுப் பிறகு தொடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் சற்று இளகும். இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், துணி சுற்றிய மரக்கரண்டிக் காம்பு அல்லது பழைய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி, ஒவ்வொரு ஓரமாகத் தளர்த்துங்கள். கைப்பிடி நெம்புகோல் உள்ள வகையில், அதன் முனையிலுள்ள குமிழையோ ரப்பர் உறையையோ முதலில் உருவ வேண்டியிருக்கும்.

ஸ்குரூவைக் கழற்றுமுன் ஜன்னல் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு துணியைத் திணித்து வையுங்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டால், மூன்றாவது ஸ்குரூ கதவுக்குள் விழுந்து, அடுத்த பத்து ஆண்டுக்கும் கதவைச் சாத்தும்போதெல்லாம் கலகலவென்று ஓசை எழுப்பும். கடைசி ஸ்குரூவைக் கழற்றும்போது வெளியே ஒருவர் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் அது கம்பியில் தொங்கிக் கதவின் சாயத்தைக் கீறும்.

கையால் இயக்கும் நெம்புகோல் வகையில் உள்ளே மூன்று மெல்லிய எஃகுக் கம்பிகள் கண்ணாடியின் மூன்று புள்ளிகளை இழுக்கின்றன. நெம்புகோலைச் சாய்த்தால் ஒன்று இழுபடும், மற்றவை தளரும். கம்பி அறுந்தால் தனியே சரிசெய்ய நேரம் செலவழிக்காமல் தொகுதியை மாற்றுவதே என் பரிந்துரை. மின்சார வகையில் இரண்டு சிறிய மோட்டார்கள் இருக்கும். ஒன்று மேலும் கீழும், இன்னொன்று இடமும் வலமும். பெரும்பாலும் மூன்றே கம்பிகள். ஒன்று இரண்டு மோட்டாருக்கும் பொது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். ஆகவே, பழைய பொருள் கடையில் வாங்கும்போது பணம் கொடுக்குமுன் 9 வோல்ட் சதுர மின்கலம் ஒன்றைக் கொண்டுபோய் இரண்டிரண்டு கம்பிகளாகத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி அசைந்தால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. கடைசி எல்லைக்குப் போனதும் டக்டக் என்று ஓசை வந்தால் பயப்பட வேண்டாம். மோட்டார் கருகாமலிருக்கப் பற்சக்கரம் நழுவும்படி செய்திருக்கிறார்கள்.

சில கார்களில் கம்பியின் இணைப்பு முக்கோண மூடிக்குப் பின்னாலேயே இருக்கும். சிலவற்றில் கதவின் உள்பலகையைக் கழற்றினால்தான் எட்டும். கையால் சுற்றி ஜன்னலை இறக்கும் கார் என்றால், அந்தக் கைப்பிடி ஒரு லாட வடிவக் கம்பிக் கவ்வியால் மாட்டப்பட்டிருக்கும். அதை எடுக்கப் பட்டறைக்காரர்கள் செய்யும் வித்தை எளிமையானது. ஒரு பழைய துணிக் கீற்றைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் இருபுறமும் இழுத்தால் துணி கவ்வியைப் பிடித்துத் தள்ளிவிடும். அது பறந்து விழும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். மழைநீர் ஜன்னல் ரப்பர் வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அதைக் காருக்குள் விடாமல் கதவின் அடித்துளைகள் வழியாக வெளியேறச் செய்வது அந்தத் தாள்தான். கண்ணாடித் தொகுதிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள ரப்பர் பட்டையும் அப்படியே. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் காற்று சீழ்க்கையடிக்கும்.

கண்ணாடியை மட்டும் மாற்றுவது

கண்ணாடி பின்தட்டோடு வந்தால், அது கூட்டுக்குள் கவ்விகளால் மாட்டிக்கொள்ளும். நடுவில் துணியை வைத்து உள்ளங்கையால் சீராக அழுத்த வேண்டும். ஓரத்தில் அழுத்தினால் புதிய கண்ணாடியும் உடையும். பின்தட்டில்லாமல் வெறும் கண்ணாடி என்றால் ஒட்ட வேண்டும்.

பழைய சில்லுகளை எடுக்கக் கையுறையும் கண்காப்பும் கட்டாயம். இந்தக் கண்ணாடி முன்கண்ணாடிபோல் ஏட்டுக்கு ஏடு ஒட்டியதல்ல, கத்திபோல் உடையும். மேலே முழுதும் டேப்பை ஒட்டிவிட்டு, தலைமுடி உலர்த்தியின் சூட்டைக் காட்டினால் பசை இளகும். அதிகச் சூடு தரும் பட்டறைக் கருவி வேண்டாம். கூடும் பின்தட்டும் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது 100 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டியதும் வளைந்துவிடும். பின்தட்டு வளைந்தால் கண்ணாடி ஆடாமல் உட்காராது.

இனி பசை. வன்பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோன் பல, உலரும்போது வினிகர் வாடை வீசும். அந்த வாடை அசிட்டிக் அமிலத்தினுடையது. பின்பூச்சுக் கண்ணாடியில் அதைப் பூசினால், அமிலம் பூச்சைத் தின்று, சில மாதங்களில் நடுவில் கறுப்புத் திட்டுகள் தோன்றும். கண்ணாடி தரமற்றது என்று கடைக்காரரைத் திட்டுவோம். உண்மையில் தின்றது பசை. வாடையில்லாத நடுநிலைச் சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது கார் பாகங்களுக்கான இருபக்க நுரை டேப்பைப் பயன்படுத்துங்கள். சிலிக்கோன் என்றால் ஒரு நாள் முழுதும் காயட்டும். அதுவரை கண்ணாடி நழுவாமல் டேப்பால் கட்டி வையுங்கள்.

நடுங்கும் உருவம்

மாற்றிய பிறகு காரை ஓட்டினால் உருவம் நடுங்குகிறதா? ஆடி ஒரு பாகை சாய்ந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு பாகை விலகும். ஆகவே, கண்ணாடி அரை பாகை ஆடினாலே 20 மீட்டர் பின்னாலுள்ள காட்சி 35 சென்டிமீட்டர் தாவும். மோட்டார் சைக்கிளின் விளக்கு ஒரு கோடாக நீண்டு தெரிவதற்கு இது போதும். மூன்று ஸ்குரூவும் ஒரே அளவு இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால், பலத்தைக் காட்ட வேண்டாம். அடித்தளம் பல கார்களில் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதிகம் இறுக்கினால் காது பிளக்கும். கூடு ஆடவில்லை, கண்ணாடி மட்டும் ஆடுகிறது என்றால் பின்தட்டுக் கவ்வி சரியாக மாட்டவில்லை. கார்க் கண்ணாடி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். வெட்டி ஒட்டும் வீட்டுக் கண்ணாடி அதைப்போல் இரு மடங்கு தடித்திருந்தால் எடையும் இரு மடங்கு. சின்ன மோட்டாரும் கவ்வியும் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டவையல்ல.

கூடு மடங்குவதையும் சோதியுங்கள். அது வெறும் வசதிக்காக அல்ல. ஐ.நா. விதிமுறையில் ஒரு மீட்டர் நீள ஊசலில் ரப்பர் பூசிய குண்டைக் கட்டிக் கண்ணாடியில் மோதவிடும் சோதனை உண்டு. கண்ணாடி இடம்கொடுத்து மடங்க வேண்டும். நடந்து போகிறவர்மீதோ மோட்டார் சைக்கிளோட்டியின் முழங்கைமீதோ பட்டால் காயம் குறையட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே, மடக்கும் இடம் தளர்ந்துவிட்டது என்று பசை ஊற்றி இறுக வைத்துவிடாதீர்கள். உள்ளேயிருக்கும் சுருள்வில்லின் நட்டை இறுக்கினால் போதும். வில் போய்விட்டால் தொகுதியை மாற்றுங்கள்.

எந்தக் கோணத்தில் வைப்பது?

பலரும் கண்ணாடியில் தங்கள் காரின் பக்கவாட்டு நன்றாகத் தெரியும்படி வைக்கிறார்கள். காரின் கதவைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் வேறொரு முறையைச் சொன்னார். வலப்பக்க ஜன்னல் கண்ணாடியைத் தொடுமளவுக்குத் தலையைச் சாய்த்து, அப்போது காரின் ஓரம் மட்டும் தெரியும்படி வலக் கண்ணாடியைத் திருப்ப வேண்டும். அடுத்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் தலையைச் சாய்த்து, இடக் கண்ணாடியையும் அப்படியே வைக்க வேண்டும். நேராக உட்கார்ந்தால் உங்கள் கார் கண்ணாடியில் தெரியாது. பக்கத்துத் தடம் முழுதும் தெரியும்.

அது தட்டைக் கண்ணாடியை ஓட்டுநர் பக்கம் வைத்திருக்கும் அமெரிக்கச் சாலைக்குச் சொன்னது. நம் ஊரில் மோட்டார் சைக்கிள்கள் காரை உரசிக்கொண்டு வருகின்றன. அதனால் காரின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிவது நல்லது என்பது என் கருத்து. குவி ஆடி இருந்தால் அதற்கு இடமும் இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும், போக்குவரத்து இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, வீட்டிலுள்ள ஒருவரை இடப்பக்கம் ஒரு மீட்டர் தள்ளி, பின்னாலிருந்து முன்னோக்கி மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அவர் கண்ணாடியிலிருந்து மறையும்போது, உங்கள் ஓரக்கண்ணில் ஜன்னல் வழியாகத் தெரியத் தொடங்கியிருக்க வேண்டும். இடையில் எங்கேயாவது இரண்டிலும் தெரியாமல் போனால், அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி மறுபடி பாருங்கள். பிறகு வலப்பக்கமும் அதே நடை.